டாக்காவில் இரண்டு சகாபுதீன்கள்

தம்பி, திருப்பூரிலிருந்து மெர்ச்சண்டைசராக (ஆடை ஆர்டர்களைக் கவனிப்பவராக) டாக்காவுக்கு வந்த எல்லாரும் முதலில் வாடகையையும் சாப்பாட்டையும் பற்றித்தான் கேட்பார்கள். நீங்களோ, அலுவலகத்தில் ஒருவர் சகாபுதீனைத் தலையில் தூக்கிவைத்துப் பேசுகிறார், இன்னொருவர் திட்டித் தீர்க்கிறார், இதில் நான் வாயைத் திறக்கலாமா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி.

அவர்கள் ஒரே ஆளைப் பற்றிப் பேசவில்லை. திட்டு வாங்குபவர், 2023இல் வங்கதேசக் குடியரசுத் தலைவரான முகமது சகாபுதீன். மாவட்ட நீதிபதியாக இருந்தவர். 2024 அக்டோபரில் அவர் பதவி விலக வேண்டும் என்று குடியரசுத் தலைவர் மாளிகையான பங்கபவன் முன்னால் கூட்டம் திரண்டது. பாராட்டுப் பெறுபவர் சகாபுதீன் அகமது. 2022 மார்ச்சில், 92 வயதில் காலமானார். இந்த ஊர்க்காரர்களின் மனம் புரியவேண்டுமானால் இவருடைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

நேத்ரகோனா பக்கத்துக் கிராமத்துக்காரர். டாக்கா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, 1954இல் பாகிஸ்தான் சிவில் சர்வீசில் சேர்ந்து, 1960இல் நீதித்துறைக்கு மாறினார். 1990 ஜனவரியில் தலைமை நீதிபதி. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜெனரல் எர்ஷாதின் ராணுவப் பின்னணி ஆட்சி தெருப் போராட்டத்தில் ஆட்டம் கண்டது. ஒருவரையொருவர் நம்பாத எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒப்புக்கொண்ட ஒரே பெயர் இவருடையது. டிசம்பர் 6ஆம் தேதி துணைக் குடியரசுத் தலைவர் விலகினார். அந்த இடத்தில் இவரை நியமித்துவிட்டு எர்ஷாதும் விலகினார். அரசியல் சாசனத்தை மீறாமலே ஆட்சி கைமாறிவிட்டது. இவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தேர்தலை நடத்தி முடித்ததும் என் நீதிபதி நாற்காலிக்கே திரும்ப வேண்டும்.

சொன்னபடி செய்தார். 1991 பிப்ரவரி 27இல் தேர்தல். கலீதா ஜியா பிரதமரானார். தோற்ற அவாமி லீக் தலைவர் ஹசீனா தேர்தலில் முறைகேடு என்று முறையிட்டாலும், இவர் திரும்பிப் போவதற்கான பதினோராவது அரசியல் சாசனத் திருத்தத்தை இரு தரப்பும் சேர்ந்தே நிறைவேற்றின. அக்டோபரில் நீதிமன்றத்துக்குத் திரும்பி, 1995இல் ஓய்வு பெறும்வரை வழக்குக் கேட்டார். நாட்டின் உச்சப் பதவியில் உட்கார்ந்தவர் பழைய வேலைக்குத் திரும்புவதை நம் பக்கத்தில் எங்கே பார்த்திருக்கிறோம்?

1996இல் அவாமி லீக் இவரை மறுபடி குடியரசுத் தலைவராக்கியது. 2001இல் தோற்றபிறகு அதே கட்சி இவரையே குறை சொன்னது. அது இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு மனிதரின் நேர்மையால் நடந்ததை 1996இல் சட்டமாக்கினார்கள்: தேர்தல் காலத்தில், கடைசியாக ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி இடைக்கால அரசை நடத்துவார் என்று. உடனே கட்சிகளின் கண் அந்த நாற்காலிமேல் விழுந்தது. 2004இல் கலீதா ஜியா அரசு நீதிபதிகளின் ஓய்வு வயதை 65இலிருந்து 67 ஆக்கியது. தங்களுக்கு வேண்டியவர் வருவதற்காகத்தான் என்று எதிர்க்கட்சி கொதித்தது. 2006 கடைசியில் தெருவில் ரத்தம், 2007 ஜனவரி 11இல் நெருக்கடி நிலை. 2011இல் அந்த ஏற்பாட்டையே நீக்கினார்கள், அதனால் இன்னொரு பத்தாண்டுச் சண்டை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்றைய கட்சிகளைப் பற்றி யார் கருத்துக் கேட்டாலும் ஷிப்மென்ட் பேச்சுக்குத் தாவிவிடுங்கள். 2024 ஆகஸ்டில் பிரதமர் பதவியை இழந்து ஹசீனா இந்தியாவுக்குப் போனதிலிருந்து நம் பாஸ்போர்ட்டே ஒரு கருத்தாகத்தான் பார்க்கப்படுகிறது. ஆனால் 1990 பற்றித் தாராளமாகக் கேளுங்கள். ஐம்பது வயது தாண்டிய கட்டிங் மாஸ்டர் யாராவது பால் சேர்க்காத தேநீரை உறிஞ்சிக்கொண்டே, மார்பிலும் முதுகிலும் வெள்ளைப் பெயின்டால் முழக்கம் எழுதிக்கொண்டு ஊர்வலம் போய் 1987இல் சுடப்பட்ட நூர் ஹுசைனிலிருந்து ஆரம்பிப்பார். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஹர்த்தால் அறிவித்தால் துறைமுக நகரான சட்டோகிராமுக்குப் போகும் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் நகராது; சரக்கை ஒரு நாள் முன்பே கிளப்புங்கள். கூட்டம் என்று கேள்விப்பட்டால் பிரஸ் கிளப், ஷாபாக் பக்கம் போகவேண்டாம். ஒர்க் பர்மிட் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.