ரம்புத்தான் காலமும் உங்கள் மகளின் முயலும்

தங்கச்சி, திருநெல்வேலியிலிருந்து மலேசியா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, மகள் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அடம்பிடித்து ஒரு முயல் குட்டி வாங்கிவிட்டாள், அக்கம்பக்கத்திலிருந்து பை பையாகப் பழம் வருகிறது, அதையெல்லாம் அதற்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் சுங்கை சிப்புட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 19 வருடம். தோட்டத்துக்காரர்கள் பழத்துக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்கள், ரம்புத்தான் காலத்தில் கேட்டில் பையை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள். முயலுக்கு மட்டும் கை தாராளம் வேண்டாம்.

நான் அப்படித்தான் கொடுத்தேன். எங்கள் முதல் முயலுக்கு பிசாங் மாஸ் என்கிற சின்ன வாழைப்பழம் என்றால் உயிர், தோல் உரிக்கிற வாசம் வந்ததுமே என் முழங்காலில் முன்னங்காலை வைத்து எழுந்து நிற்கும், அந்த ஆசைக்காகவே தினமும் ஒரு முழுப் பழம். கொஞ்ச நாளில் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்க முடியில் கூழாக ஒட்டிக்கொண்டு நாற்றம். ஒருநாள் காலை கூண்டுத் தட்டில் ஒரு புழுக்கை இல்லை, மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. ஈப்போ டவுனில் இருக்கிற மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்ததே பெரிது.

முயலின் வயிறு நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் ஓடும். சர்க்கரை அதிகமானால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் குலைந்து, வாயு கட்டி, ஓட்டம் நின்றுவிடும், முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம்தான், காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். முயல் பார்க்கிற மிருக டாக்டர் யார் என்று இப்போதே விசாரித்து நம்பரை எழுதி வையுங்கள், பூனை நாய் மட்டும் பார்க்கிறவர்களும் உண்டு.

உங்களுடையது குட்டி. அதற்கு ஆறேழு மாத வயது ஆகும்வரை பழமே வேண்டாம். அப்புறம் ஒரே ஒரு வகையைச் சுண்டுவிரல் நகத்தளவு கொடுத்து, மறுநாள் புழுக்கை உருண்டையாக, காய்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்த இரண்டு கிலோ முயலுக்கே வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு டீஸ்பூன் போதும். பப்பாளி, கொய்யா, ஆப்பிள் சரி, ஆனால் விதையை எடுத்துவிடுங்கள், ஆப்பிள் விதையில் நஞ்சு உண்டு. பப்பாளி கொடுத்தால் வயிற்றில் சேர்ந்த முடி கரையும் என்பார்கள், கரையாது. ரம்புத்தான் கொட்டையும் தோலும் கூடவே கூடாது. டுரியான் வேண்டாம். அவகாடோ சுத்தமாக விஷம், காயோ இலையோ கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். மிச்சம் வைத்தால் உடனே எடுங்கள், இந்த வெக்கையில் எறும்பு வரும், பின்பக்கம் பிசுபிசுத்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

மற்றபடி நாள் முழுக்கப் புல்தான். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஓரத்தில் பச்சையாக நிற்கிறதே என்று பறிக்காதீர்கள், அங்கே களைக்கொல்லி அடிப்பார்கள். புல்வெட்டி மிஷினில் வெட்டிக் குவித்ததும் வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும். எங்கள் வீட்டுப் பின்னால் மருந்து படாத கினிப்புல் இருக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் நட்டுக்கொள்ள நாலு தூர் வேரோடு பிடுங்கித் தருகிறேன், ஒரு சாக்கு கொண்டு வாருங்கள்.