பஸ்ஸில் எழும்பி இடம் கொடுப்பது பற்றி ஒரு கடிதம்

வணக்கம்.

நான் நெல்லியடியிலிருந்து 750 பஸ்ஸில் யாழ்ப்பாணம் டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். போன கிழமை காலை ஆவரங்காலில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினார். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார் என்பது கையிலிருந்த கிளினிக் கொப்பியைப் பார்த்தாலே தெரியும். பஸ்ஸில் நல்ல நெரிசல், ஒருவரும் எழும்பவில்லை. நானும் நின்றுகொண்டுதான் வந்தேன். நீர்வேலி தாண்டியதும் பொறுக்கமுடியாமல், காதில் இயர்போன் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையனிடம், "தம்பி, அக்காவுக்கு இடம் குடும்" என்று கேட்டேன். அவன் உடனே எழும்பிவிட்டான். பின்னால் இருந்த ஒரு ஐயாதான், "உமக்கேன் பிள்ளை ஊர் வேலை? வேணுமெண்டா அவவே கேப்பாதானே" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பஸ் முழுக்க என்னையே பார்த்தது. அதற்குப் பிறகு இப்படி ஏதும் கண்டால் வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் சனம் முன்பின் தெரியாதவர்களை எப்படி மதித்தது என்று அம்மா அடிக்கடி சொல்வார். அது உண்மையா? நான் செய்தது அதிகப்பிரசங்கித்தனமா?

ச., நெல்லியடி

அன்புள்ள ச.,

நீங்கள் செய்தது சரி. இதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அந்த ஐயா சொன்னதை முதலில் எடுப்போம், ஏனென்றால் அவர் மட்டுமல்ல, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், வேண்டியவர் கேட்கட்டும், கேட்டால் கொடுக்கமாட்டோமா என்று. கேட்கிற இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒரு கை மேல் கம்பியில், மறு கையில் பை, தலை சுற்றுகிறது, கோப்பாய் வளைவில் பஸ் சரிகிறது, சுற்றிவர முகம் தெரியாத சனம். அந்த நேரத்தில் "எனக்கு ஏலாமல் இருக்கு, எழும்புங்கோ" என்று சொல்ல எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு வாய் வரும்? மயங்கி விழுந்தாலும் விழுவார்களே தவிர கேட்கமாட்டார்கள். தனக்காகக் கேட்பது அவ்வளவு கஷ்டம், இன்னொருவருக்காகக் கேட்பது அதில் கால்வாசிக் கஷ்டமும் இல்லை. அதனால்தான் பக்கத்தில் நிற்கிற மூன்றாவது ஆள் கேட்கவேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்த மூன்றாவது ஆள் நீங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சத்தியும் தலைசுற்றலும் கூடுதலாக வருத்துவது முதல் மூன்று மாதத்தில், அப்போது வயிறு வெளியே தெரியாது. வயிறு தெரிந்தால்தான் எழும்புவேன் என்று இருப்பவர், மிகவும் கஷ்டப்படுகிற பெண்ணை நிற்கவிட்டுவிடுவார். முகம் வெளிறி வேர்த்துக்கொண்டு ஒருவர் கம்பியில் தொங்கினால், காரணம் விசாரிக்காமல் எழும்புவதுதான் நல்லது.

அந்தப் பையனைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. கேட்டவுடன் எழும்பினான். மனமில்லாதவன் முகத்தைச் சுளித்திருப்பான், இல்லையென்றால் கேட்காதமாதிரி இருந்திருப்பான். எங்கள் பஸ்களில் இருக்கிற பெரும்பாலான ஆக்கள் அவனைப் போலத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பலர் பார்க்கவே இல்லை, பார்த்தவர்களோ வேறு யாராவது முதலில் எழும்பட்டும் என்று இருக்கிறார்கள். முதலாவதாக எழும்பினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வைக்குப் பயம். யார் பார்ப்பார்கள், என்ன கதைப்பார்கள் என்று யோசித்தே வளர்கிற ஊர் இது. நீங்கள் தைரியமாகக் கேட்டது அந்தப் பையனுக்கும் ஒரு உதவிதான்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. ஒரு லீவு நாளில் பருத்தித்துறைக்குப் போய்த் தெருமூடிமடத்தைப் பாருங்கள். தெருவுக்கே கூரை போட்டு, இரண்டு பக்கமும் கல்லில் திண்ணை கட்டி, போகிறவர் வருகிறவர் இருந்து களைப்பாறட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எங்கள் பழைய தெருக்களில் சுமைதாங்கிகளும் இருந்தன, இன்றும் சில இடங்களில் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். சந்தைக்குச் சுமையோடு தனியாக நடந்துபோகிறவர், கைகொடுக்க ஆளில்லாமலே சுமையை இறக்கவும் திரும்ப எடுக்கவும் தோதான உயரம். கட்டியவர் அந்தச் சுமைக்காரரைக் கண்டிருக்கமாட்டார். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழிப்போக்கர் சுமை இறக்க ஒரு கல். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் உருகிவிடும். இப்படி யோசித்த சனத்தின் பிள்ளைகள் ஒரு கர்ப்பிணியை ஆவரங்காலிலிருந்து நிற்கவைத்துக் கொண்டுவந்தார்கள் என்றால் கோபம் வரத்தானே செய்யும்.

ஆனால் அம்மா சொல்லாத மற்றப் பாதியும் இருக்கிறது. அதே காலத்தில், அதே ஊர்களில், சாதியால் ஒடுக்கப்பட்ட சனத்துக்குத் தேநீர்க்கடைக்குள் இடமில்லை, கோயிலுக்குள் விடுவதில்லை, மற்றவர்களின் கிணற்றில் தண்ணீர் அள்ளவிடுவதில்லை. பஸ்ஸில் ஏறினாலும் சீற்றில் இருக்கக்கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். இப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிய, சமூகக் குறைபாடுகளைத் தடுக்கிற சட்டம் வந்தது 1957இல். அதற்கு 11 வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லிச் சனம் போராடவேண்டியிருந்தது. அந்தக் காலத்து மரியாதையைப் பற்றிக் கதைக்கும்போது இதை விட்டுவிட்டுக் கதைக்க எனக்கு மனம் வராது. தெருவால் போகிறவருக்குத் திண்ணை கட்டிய ஊர்தான், போகிறவர் இன்னார் என்று தெரிந்ததும் எழும்பச்சொல்லியும் இருக்கிறது.

எங்களுடைய உண்மையான சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆளை அறிந்து மரியாதை கொடுக்கப் பழகிவிட்டோம். நீங்கள் போகிற பஸ்ஸிலேயே பாருங்கள், முன் சீற் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும், ஒரு ஐயரோ பாதிரியாரோ பிக்குவோ ஏறினால் யாரும் சொல்லாமலே சீற் காலியாகும். படிப்பித்த வாத்தியார் ஏறினாலும் அப்படித்தான். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. யார் என்றே தெரியாத ஒரு பெண், கிளினிக் கொப்பியோடு ஏறும்போதுதான் எங்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. "ஆற்றை பிள்ளை, எந்த ஊர்" என்று கேட்டு விடை கிடைத்தால், அவர் தூரத்து உறவாகக்கூட வந்துவிட்டால், பஸ்ஸே எழும்பி நிற்கும்!

ஆள் யார் என்று கேளாமல் செய்கிற பழக்கமே எங்களிடம் இல்லை என்றும் சொல்லமுடியாது. நிற்கிறவரின் பையை இருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதை நீங்கள் தினமும் காண்பீர்கள். பேசுவதே இல்லை, கை மட்டும் நீளும். பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகப்பை, அதற்கு மேலே யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பை, அதற்கு மேலே மூன்றாவது ஆளின் மரக்கறிப் பை. இறங்கும்போது சரியான பை சரியான கைக்குப் போய்விடும். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை.

பெரிதாகச் சொல்வதென்றால் 1995 ஒக்டோபர் 30 இருக்கிறது. போர் நெருங்கிவர, யாழ்ப்பாண டவுனும் சுற்றுவட்டார ஊர்களும் சேர்ந்த வலிகாமமே எழும்பி, இரவோடிரவாக, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. லட்சக்கணக்கான சனம். பேர் ஊர் தெரியாதவர்களுக்கு அங்கே வீட்டு விறாந்தையையும் கிணற்றையும் அடுப்படியையும் விட்டுக்கொடுத்தார்கள், ஒரு வீட்டில் பல குடும்பங்கள் இருந்தன. உங்களுக்கு அது பிறக்கமுன் நடந்த கதையாக இருக்கலாம், அம்மாவைக் கேளுங்கள். பெரிய துன்பத்தில் அவ்வளவு செய்த சனத்துக்கு, சாதாரணமான ஒரு காலைநேரத்தில், அரைமணித்தியாலம் எழும்பி நிற்பது ஏன் தோன்றுவதில்லை? ஆபத்து வந்தால் எல்லாரும் ஒன்று என்று தெரிகிறது, ஆபத்தில்லாத நாளில் அவரவர் போன், அவரவர் வீடு. அதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அண்மையில் யாழ் பஸ் நிலையத்தில் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதான சிங்களத் தம்பதி, வெள்ளை உடுப்பு, நயினாதீவுக்கு விகாரை கும்பிட வந்தவர்கள், போட் ஏறுகிற குறிகட்டுவானுக்குப் போகிற பஸ் எதுவென்று தெரியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கச்சான் விற்கிற அம்மா ஒருவர் தட்டைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றி, கொண்டக்டரிடம் "கடைசியில இறக்கி, போட்டைக் காட்டிவிடு மோனை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்தார். இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. வியாபார நேரம் வேறு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்னொரு முறை இப்படி வந்தால் கட்டாயம் கேளுங்கள். பொதுவாக "ஆராவது எழும்புங்கோ" என்று சொல்லாதீர்கள், யாராவது என்றால் ஒருவரும் இல்லை என்று ஆகிவிடும். அன்றைக்குச் செய்தது போலவே ஒரு ஆளைப் பார்த்து, முறை சொல்லி, மெதுவாகக் கேளுங்கள். இளம் ஆளாக, சுகமாக இருப்பவராகப் பார்த்துக் கேளுங்கள், இருக்கிறவருக்கும் வெளியே தெரியாத வருத்தம் இருக்கலாம். ஒருவர் "எனக்கும் ஏலாது பிள்ளை" என்றால் நம்பி அடுத்தவரிடம் போங்கள். நெரிசலில் கிட்டப் போகமுடியாவிட்டால் கொண்டக்டரிடம் சொல்லுங்கள், அவர் ஒரு சத்தம் போட்டால் வேலை முடிந்துவிடும், அவர்களில் பலர் சொன்னால் சந்தோஷமாகவே செய்வார்கள். (அவர்களிடமும் நாங்கள் கொஞ்சம் பண்பாகக் கதைக்கலாம், அடுத்த சந்திக்கு ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கிறோமே, அதைச் சொல்கிறேன்.)

அந்த ஐயாவைத் திரும்பச் சந்தித்தால் வாதாடத் தேவையில்லை. அவரும் அதே பஸ்ஸில்தான் வருகிறார், நாளைக்கு அவருக்கே முழங்கால் ஏலாமல் போகும்போது உங்களைப் போல ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். அவருக்காகவும் அதே பையனிடம் கேளுங்கள், எழும்புவான்.

அன்புடன்.