குறைமாதப் பேத்தி: மாமியார் என்ன செய்யலாம்?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். மருமகளுக்கு இது முதல் பிரசவம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தாய் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தோம். அதற்குள் 30ஆவது வாரத்திலேயே நீர்க்குடம் உடைந்து பெண் குழந்தை பிறந்துவிட்டது. சுகப்பிரசவம்தான். பிறந்தபோது எடை 1,300 கிராம். 12 நாட்களாகத் தனியார் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. மருமகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பால் சரியாகச் சுரக்கவில்லை என்கிறாள், யாரோடும் பேசுவதில்லை. மகன் வேலைக்கும் மருத்துவமனைக்குமாக ஓடுகிறான். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். ஆனால் இவ்வளவு சிறிய குழந்தையை நான் பார்த்ததே இல்லை. என் பங்குக்கு என்ன செய்ய வேண்டும்? செலவும் தாங்கவில்லை, அரசு மருத்துவமனைக்கு மாற்றலாமா?

பதில்: முதல் வேலையாக மருமகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், அம்மா. பிள்ளை பெற்றவள் வீட்டோடு இருக்க வேண்டும், தீட்டுக் கழியும்வரை வெளியே போகக்கூடாது என்பதெல்லாம் குழந்தை பக்கத்தில் படுத்திருக்கும் வீடுகளுக்குச் சொன்னது. உங்கள் பேத்தியின் சிகிச்சையில் மருத்துவரும் செவிலியரும் செய்யவே முடியாத ஒரு பகுதி இருக்கிறது. அது உங்கள் மருமகளின் பாலும் அவள் மார்புச் சூடும். பகலில் சில மணி நேரமாவது அவள் குழந்தையின் அருகில் இருக்கும்படி வீட்டை மாற்றி அமைப்பதுதான் உங்கள் பங்கு. சமையல், துணி, வருகிறவர்களைச் சமாளிப்பது, போய்வரும் ஏற்பாடு எல்லாவற்றையும் நீங்களும் மகனும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை மட்டும் அவள் பொறுப்பாக இருக்கட்டும்.

பாலைப் பற்றி முதலில் சொல்கிறேன். 34 வாரம் அளவில்தான் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்யும் திறன் குழந்தைக்கு வரும். அதுவரை குழாய் வழியாகத்தான் பால் போகும். குழந்தை நேரடியாகச் சப்பாததால் மார்புக்குப் பால் சுரக்கச் சொல்லும் தூண்டுதல் கிடைப்பதில்லை. அதைக் கையாலோ பம்பாலோ கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பால் எடுக்க வேண்டும், அதில் ஒரு முறை நள்ளிரவுக்குப் பின். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்க வைத்த எவர்சில்வர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கருவட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்துப் பிழிய வேண்டும். தோலின் மேல் விரலை இழுத்துத் தேய்க்கக்கூடாது, புண்ணாகிவிடும். பிரிவில் இருக்கும் செவிலியர் ஒரு முறை செய்துகாட்டினால் பிடிபட்டுவிடும்.

"இவ்வளவுதான் வந்தது" என்று கிண்ணத்தைப் பார்த்து அவள் அழுதால் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 1,300 கிராம் எடையுள்ள குழந்தை முழுப் பால் குடிக்கத் தொடங்கிய பிறகும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அதற்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 16 முதல் 20 மில்லிதான். நான்கு தேக்கரண்டி.

எடுத்த பாலைச் சென்னை வெயிலில் வெளியே வைக்காதீர்கள். உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, பெயர், தேதி, நேரம் எழுதி, ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பிரிவு வைத்திருக்கும் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் பால் போதாத நாட்களில் பவுடர் பாலுக்கு முன் தாய்ப்பால் வங்கியைப் பற்றி விசாரியுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் ஒன்று இருக்கிறது. பிற தாய்மார்கள் தானமாகத் தரும் பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கிய பிறகுதான் கொடுப்பார்கள். அடுத்தவர் பாலா என்று முகம் சுளிக்க வேண்டாம்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்து, ரசஞ்சாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எதுவானாலும் செய்து கொடுங்கள், வயிறு நிறையச் சாப்பிடட்டும். ஆனால் பாலைப் பெருக்குவது அடிக்கடி பால் எடுப்பதுதான். அதை விட்டுவிட்டுச் சுறாவை நம்பிப் பயனில்லை.

அடுத்தது மார்புச் சூடு. கங்காரு பராமரிப்பு என்று உங்கள் மருத்துவமனையிலும் சொல்லியிருப்பார்கள். 1970களின் இறுதியில், இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய முறை இது. ஏழை நாடுகளின் மாற்று வழி என்று ஒரு காலத்தில் இதைக் குறைவாகப் பேசியவர்கள் உண்டு. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகள் அதில் இடம்பெற்றன. உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாட்களில் நேரும் மரணம் கால் பங்கு குறைந்தது. அடுத்த ஆண்டே, ஒரு நாளைக்கு 8 மணி முதல் 24 மணி நேரம்வரை இதைச் செய்யலாம் என்று அந்நிறுவனம் பரிந்துரைத்தது.

தொப்பி, காலுறை, டயப்பர் தவிர வேறு துணி இல்லாமல் குழந்தையைத் தாயின் இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, கால்களைத் தவளை போல மடக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டிவிடுவார்கள். தாடை நெஞ்சில் இடிக்கக்கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது நீடிக்க வேண்டும். முன்புறம் திறக்கும் நைட்டி இரண்டு வாங்கிக் கொடுத்தால் பெரிய உதவி. மருமகள் வீட்டுக்கு வந்து தூங்கும் நேரத்தில் உங்கள் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம். நீங்களும் செய்யலாம். ஆண்பிள்ளைகளை மருந்துக் கடைக்கும் பில் கட்டும் இடத்துக்கும் மட்டும் ஓடவிடுகிறோம். பிள்ளையைத் தொடவே தயங்குகிற அப்பாக்கள் அதனால்தான் உருவாகிறார்கள் என்பது என் எண்ணம்.

மருமகளின் மௌனத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவதும் எரிச்சலும் பலருக்கு வந்து தானே தணியும். அதற்கு மேலும் நீடித்தால், தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால், குழந்தையிடம் போகவே பயந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தன்னை மாய்த்துக்கொள்வது பற்றியோ குழந்தைக்குத் தீங்கு நேர்வது பற்றியோ ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், தனியாக விடக்கூடாது.

வீட்டுக்குள் சில பேச்சுகளை நீங்கள்தான் தடுக்க முடியும். பப்பாளி சாப்பிட்டாயா, பஸ்ஸில் அலைந்தாயா என்ற விசாரணை வேண்டாம். நோய்த்தொற்று, இரத்த அழுத்தம், கருப்பைவாய்ப் பலவீனம் என்று காரணங்கள் பல. காரணமே தெரியாமல் போவதும் சகஜம். "ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான். தினமும் எடை ஏறியதா என்று கேட்பதையும் விடுங்கள். முதல் நாட்களில் எடை குறைந்து, பிறந்த எடைக்குத் திரும்பவே இரண்டு வாரம் ஆகலாம். உறவினர்கள் விசாரிக்க வேண்டுமானால் உங்கள் போனுக்கு அழைக்கட்டும்.

ஒரு தேதியை மட்டும் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளுக்கு 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். குறைமாதத்தில் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது, அவை தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போகலாம். ஆக்சிஜன் அளவுக்கு மீறினாலும் இந்த ஆபத்து கூடும். ஆக்சிஜன் பெறும் குழந்தைக்குத் திரையில் 100 காட்டவில்லையே என்று நாம் பதறும்போது, செவிலியர் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 90க்கும் 95 சதவீதத்துக்கும் நடுவில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் அல்லது ஊசி மூலம் காப்பாற்றலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். காது கேட்கும் திறனையும் வீடு திரும்பும் முன் பரிசோதித்துவிட வேண்டும்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் அனுபவத்துக்கும் புது விதிகளுக்கும் சண்டை வரும். சாம்பிராணிப் புகை வேண்டாம், கொசுவத்திச் சுருளும் வேண்டாம், கொசுவலை போதும். உரை மருந்து, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், கண் மை எதுவும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது. மருத்துவர் சொல்லும் எடை வரும்வரை குளிப்பாட்டாமல் துடைத்துவிடுங்கள். தூளி கட்டுவதைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். அதில் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தி, மூச்சுப் பாதை அடைபடலாம். சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாந்து தூங்கட்டும். நேரடியாகப் பால் குடிக்கப் பழகும்வரை பாட்டிலுக்குப் பதில் பாலாடை. இதில் நீங்கள் கைதேர்ந்தவராக இருப்பீர்கள். ஆனால் மல்லாக்கக் கிடத்தி ஊற்றும் பழைய முறை கூடாது. பாதி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்து, கொஞ்சம் சரித்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த துளி.

மே மாதமானாலும் குறைமாதக் குழந்தைக்குக் குளிரும். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் உடனே மார்போடு சேர்த்துக் கட்டுங்கள். வயிறும் சில்லிட்டிருந்தால் மருத்துவமனை. பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, விலா உள்ளிழுப்பது, மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுவது, எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள்.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. தவழ்வது, உட்காருவது போன்றவற்றுக்கு மட்டும் பத்து வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இப்போதைய மருத்துவமனை அதில் சேர்ந்திருக்கிறதா, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள். அரசு மருத்துவமனைக்கு மாற்றலாம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயதுவரை அங்கே கட்டணம் கிடையாது. எழும்பூரில் இதற்கான தேர்ந்த பிரிவு இருக்கிறது. மாற்றுவது கௌரவக் குறைவும் அல்ல. கையில் இருக்கும் பணம் முழுவதும் தீர்ந்த பிறகு அவசரமாக மாற்றுவதைவிட, குழந்தை சீராக இருக்கும் ஒரு பகல் பொழுதில் மாற்றுவது நல்லது. இடம் இருக்கிறதா என்று ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் பேசி உறுதி செய்த பிறகு, குழந்தைக்கான வசதியுள்ள ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும். ஆட்டோவோ வாடகைக் காரோ கூடாது. குழந்தையின் இரத்த வகை, இதுவரை கொடுத்த மருந்துகள், ஸ்கேன் முடிவுகள், தினசரி எடை, குடிக்கும் பாலின் அளவு எல்லாம் சுருக்க அறிக்கையில் இருக்க வேண்டும். கண் பரிசோதனை எந்தத் தேதிக்குள் என்பது அதில் இல்லையென்றால், எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.