ஏரியில் கட்லா மாட்டவில்லையா?
மீன்பிடிச் சங்கத்தோடு ஏரிக்குப் போனால் மற்றவர்களுக்குக் கட்லா மாட்டுகிறது, உங்களுக்கு ஜிலேபி மீன் (திலாப்பியா) மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தூண்டிலில் மண்புழுவைக் கோத்து ஏரியின் அடித்தரையில் போடுகிறீர்களே, காரணம் அதுதான். கட்லா மேல்மட்டத்தில் மேயும் மீன். வாயே மேல்நோக்கித்தான் இருக்கும். ரோகு நடுநீரில், மிர்கால் அடித்தரையில். அதனால் மிதக்கும் தக்கைக்குக் கீழே தூண்டில் நரம்பை இரண்டு மூன்று அடியாகக் குறையுங்கள். கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து, தூண்டில் முள் மறையும்படி உருண்டை பிடியுங்கள். ரொம்ப இறுக்கமாக வேண்டாம். மெல்லக் கரைந்து பரவினால்தான் கட்லா தேடி வரும். புழுவைப் போட்டால் ஜிலேபி முந்திக்கொள்ளும். அப்புறம், சின்னக் குஞ்சு மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து உடனே விட்டுவிடுங்கள். காய்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கும் வழவழப்பு போய், அதற்கு நோய் தொற்றலாம்.