கால்வாயை மூடச் சொல்லாதீர்கள்

வணக்கம் ஐயா. கன்சால்பேட்டை பக்கம் எங்கள் தெருவிலிருந்து வெளியே வர நிக்கல்சன் கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலம்தான் வழி. நாற்றமும் கொசுவும் தாங்கவில்லை. கால்வாய்க்கு மேல் சிமெண்ட் பலகை போட்டு முழுக்க மூடிவிட்டால் ரோடும் அகலமாகும் என்று தெருவில் எல்லோரும் மனுவில் கையெழுத்து போட்டிருக்கிறோம். திருத்தித் தருவீர்களா? வெளிநாட்டில் கால்வாய் ஓரம் காபிக்கடை வைக்கிறார்கள், நமக்கு ஏன் அது வரவில்லை?
செ., வேலூர்

அன்புள்ள செ.,

காபிக்கடையை விடுங்கள், அது இப்போது முக்கியமில்லை. மூடுகிறோம் என்கிறீர்களே, அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

வேலூரைச் சுற்றி மொட்டைப் பாறை மலை. பெய்கிற மழை அங்கே தங்காது, சரசரவென்று ஊருக்குள் இறங்கி பாலாற்றைத் தேடும். அதற்கான வழிகளில் ஒன்று உங்கள் கால்வாய். வருஷம் முழுக்க அதில் ஓடுவது நம் வீட்டுக் கழிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அகலம் ஐப்பசி, கார்த்திகையில் வரும் சில நாள் வெள்ளத்துக்காக.

என் மாமா வீடு அந்தக் கால்வாயை ஒட்டி இருந்தது. ஒரு மழை ராத்திரி வாசல்படிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது, அத்தை அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றுகிறார். பாலத்தின் கண்ணில் கிழிந்த பஞ்சு மெத்தை ஒன்று நடுத்தூணில் சிக்கி, அதன்மேல் வாழைமட்டையும் பிளாஸ்டிக் பையும் அப்பிக்கொண்டு தண்ணீரை மறித்து நின்றது. மாமா பாலத்தின்மேல் குப்புறப் படுத்து தொரட்டியால் இழுக்கிறார், நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மெத்தை விடுபட்டதும் தண்ணீர் படியை விட்டு இறங்கியது. மேலே பலகை போட்டு மூடிய கால்வாயில் எங்கே அடைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தொரட்டியை எங்கே விடுவீர்கள்?

அப்புறம் தூர்வாருவது. திறந்திருந்தால் கரையில் பொக்லைனை நிறுத்திச் சேற்றை அள்ளலாம். மூடிவிட்டால் ஆள் இறங்க வேண்டும். உள்ளே அழுகிய சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும், காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது ஆளைச் சாய்க்கும். சாக்கடையில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. உங்கள் தெருவிலிருந்து யாராவது இறங்குவார்களா? இறங்கப் போவது யார் வீட்டுப் பிள்ளை என்று கையெழுத்து போட்ட ஒருத்தராவது யோசித்தீர்களா?

2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல் வந்தபோது விரிஞ்சிபுரம் தரைப்பாலம் சேதமானதைப் பார்த்தவர்தானே நீங்கள்? பாலம் தாழ்வாக இருந்தால் வெள்ளம் அதன்மேல் முட்டித்தான் போகும். நீங்கள் கேட்பதோ, தெரு நீளத்துக்கும் அப்படி ஒரு தாழ்ந்த பாலம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாற்றத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மனுவை மாற்றி எழுதுங்கள். வீட்டுக் கழிவுகளைப் பாதாள சாக்கடையில் சேர்க்கச் சொல்லுங்கள், கொசுவும் நாற்றமும் அதில்தான் குறையும். பாலத்தை உயர்த்தி நடுத்தூண் இல்லாமல் கட்டச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை கேளுங்கள், ஏனென்றால் அங்கே நின்று குப்பைப் பையை வீசுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. புரட்டாசிக்குள் தூர்வாரச் சொல்லுங்கள். அப்படி எழுதி அனுப்பினால் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தித் தருகிறேன்.