பேஸ்மேக்கர் வைத்தவரின் இசிஜி: கேள்வி பதில்

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்தவர், ஆனால் இசிஜியில் ஸ்பைக்கே (கருவி தரும் மின்தூண்டலைக் காட்டும் செங்குத்துக் கோடு) இல்லை. கருவி நின்றுவிட்டதா?

பதில்: முதலில் நாடித்துடிப்பைப் பாருங்கள். கருவியில் குறைந்தபட்ச வேகம் 60 என்று வைத்து, அவருடைய சொந்தத் துடிப்பு 75 ஓடினால் கருவி சும்மா இருப்பதுதான் சரி. அப்புறம் பைபோலார் லீடில் (இரு மின்முனையும் இதயத்துக்குள்ளேயே இருக்கும் கருவிக் கம்பி) ஸ்பைக் ரொம்பச் சின்னதாக விழும், இசிஜி மெஷினில் ஃபில்டர் 40 ஹெர்ட்ஸில் இருந்தால் அதுவும் மறைந்துவிடும், 150க்கு மாற்றி இன்னொரு தடவை எடுங்கள். துடிப்பு 35, ஸ்பைக்கும் இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும். அப்போது கருவியின் மேல் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம், காந்தம் பட்டால் கருவி இதயத்துடிப்பைக் கவனிக்காமல் தன்பாட்டுக்குத் தூண்டும்: உடனே ஸ்பைக் வந்து ஒவ்வொன்றுக்கும் கியூஆர்எஸ் (வென்ட்ரிக்கிள் என்னும் கீழறை துடிப்பதைக் காட்டும் அலை) விழுந்தால், கருவி தசை அசைவையோ லீடின் இரைச்சலையோ இதயத்துடிப்பு என்று நினைத்து இத்தனை நேரம் அடங்கிக் கிடந்திருக்கிறது. (உடம்புக்குள் இருந்து ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவி என்றால் இது உதவாது, காந்தம் அதில் ஷாக்கை மட்டும்தான் நிறுத்தும்.)

கேள்வி: ஒரு பி அலைக்கு (ஏட்ரியம் என்னும் மேலறையின் துடிப்பு) பின் கியூஆர்எஸ் வரவேயில்லை, கருவியும் பேசாமல் விட்டுவிட்டது. கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வலது வென்ட்ரிக்கிளை ஓயாமல் பேஸ் செய்தால் (கருவியால் தூண்டினால்) சிலருக்கு நாளடைவில் இதயம் பலவீனமாகிறது, அதனால் சில கருவிகள் ஒரு துடிப்பு விட்டுப்போனாலும் பொறுத்துக்கொண்டு அடுத்ததில் கைகொடுக்கும். அடுத்தடுத்து இரண்டு விட்டுப்போனால் கருவியை உடனே சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு ஸ்பைக் ரொம்ப நெருக்கமாக, நடுவில் கியூஆர்எஸ்!

பதில்: சேஃப்டி பேசிங். இடைவெளியை அளந்து பாருங்கள், சுமார் 110 மில்லிசெகண்ட், அதாவது மூன்று சின்னக் கட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏட்ரியம் ஸ்பைக் முடிந்த கையோடு வென்ட்ரிக்கிள் லீடில் ஏதோ பட்டது, அது நிஜத் துடிப்பா இரைச்சலா என்று தெரியாததால் கருவி துணிந்து ஒன்று போட்டிருக்கிறது.

கேள்வி: பேசிங் நின்று சொந்தத் துடிப்பு வந்ததும் மார்பு லீடுகளில் (இசிஜியின் மார்புப் பதிவுகள்) டி அலை (துடித்த கீழறை ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டுவது) தலைகீழ். மாரடைப்பா?

பதில்: இதயத்தின் நினைவு என்பார்கள். பேஸ் ஆகும்போது கியூஆர்எஸ் எந்தத் திசையோ, பேசிங் நின்ற பிறகும் டி அலை சில நாள், சில வாரம்கூட, அந்தத் திசையிலேயே நிற்கும். இசிஜியின் லீட் 1, ஏவிஎல் என்ற இரண்டு பதிவிலும் டி நிமிர்ந்து இருந்தால் இந்தப் பக்கம்தான் சாயலாம். ஆனால் நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்தால் இந்த விளக்கத்தை ஓரம் வைத்துவிட்டு ட்ரோபோனின் (இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அனுப்புங்கள், மாரடைப்பு இல்லை என்று உறுதியாகும்வரை அவரை வீட்டுக்கு விடாதீர்கள்.