ஓரா மீன் முள் குத்தி இரண்டு மாதம்: ஆறாத விரலுக்கு எந்த மாத்திரை?

கேள்வி: எனக்கு வயது 44, ஊர் தங்கச்சிமடம். கரையில் வலையிலிருந்து மீன் பிரிக்கும் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் ஆள்காட்டி விரலில் ஓரா முள் குத்திவிட்டது. அன்றைக்கு உயிர் போகிற வலி. மறுநாளே அடங்கிவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் சின்னக் கட்டி கிளம்பியது. இப்போது அது உடைந்து புண்ணாகிவிட்டது, புறங்கையில் இன்னும் இரண்டு கட்டிகள். மெடிக்கலில் அமாக்ஸிசிலின் வாங்கி இரண்டு தடவை ஐந்தைந்து நாள் சாப்பிட்டும் கேட்கவில்லை. டாக்டர் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும் என்கிறார். அது அவசியமா? பத்து வயது மகனுக்குப் பாதத்தில் நெளிநெளியாக ஒரு கோடு, ராத்திரியெல்லாம் அரிப்பு. அதே மாத்திரையை அவனுக்கும் கொடுக்கலாமா? வீட்டில் மூத்தவளின் கைக்குழந்தை இருக்கிறது. என் புண் அதற்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: மகனுக்கு அந்த மாத்திரை வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவன் காலில் இருப்பது பாக்டீரியா இல்லை, புழு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்ப உதவியது ‘மூன்று வாரம் கழித்து’ என்ற மூன்று சொற்கள். கடலில் பட்ட காயம் என்றால் கிருமி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நாங்கள் முதலில் கேட்பது, குத்தியது என்றைக்கு, வீங்கியது என்றைக்கு என்பதைத்தான். முள் ஒன்றாக இருக்கலாம், அதோடு உள்ளே போகும் கிருமிகள் வெவ்வேறு வேகத்தில் வளர்பவை.

குத்திய அன்றைக்கு வந்த வலி கிருமியால் வந்ததே இல்லை. ஓராவின் முள்ளில் விஷம் உண்டு, கெளுத்திக்கும் திருக்கைக்கும் இருப்பது போல. தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருந்தால் அந்த வலி தணியும். அடிபட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. இன்னொரு கையை விட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

ஒரு நாளுக்குள் கை புடைத்து, தோல் கருநீலமாகி, ரத்தக் கொப்புளம் வந்தால் அது விப்ரியோ வல்னிஃபிகஸ் ஆக இருக்கலாம். காலரா கிருமியின் பங்காளி. உப்பும் வெதுவெதுப்பும் சேர்ந்த தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம், நம் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் அப்படிப்பட்ட கடல்தான். நல்ல உடம்புக்காரரை அது பெரும்பாலும் சீண்டுவதில்லை. குடியால் ஈரல் கெட்டவர், நாள்பட்ட காமாலைக்காரர், சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு அது ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஒருவர் கை வீங்கிக் காய்ச்சலோடு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இரண்டு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் விரல் ஊதாச் சிவப்பாகி, சீழே இல்லாமல் எரிச்சலும் வலியுமாக ஓரம் ஓரமாகப் படர்ந்தால் அது வேறொன்று, எரிசிபெலோத்ரிக்ஸ். மீன் வெட்டுபவர்கள் கையில் வருவது. பெனிசிலின் வகைக்கு நன்றாக அடங்கும். அமாக்ஸிசிலினும் அந்த வகைதான். பத்து நாள் சாப்பிட்டும் உங்களுக்குக் கேட்கவில்லை என்பதே ஒரு துப்பு.

வாரக்கணக்கில் மெல்ல வந்து, வலி அதிகமில்லாமல், விரலில் தொடங்கிக் கையில் மேலேறும் கட்டி என்றால் என் சந்தேகம் மைக்கோபாக்டீரியம் மேரினம் மேல் போகிறது. காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் உறவு. 1926-இல் அமெரிக்காவில் பிலடெல்பியாவின் மீன் காட்சியகத்தில், செத்துப்போன கடல் மீன்களில் முதலில் கண்டுபிடித்தார்கள். இதன் விசித்திரம், நம் உடம்புச் சூடு இதற்கு ஒத்துக்கொள்ளாது. 30 முதல் 32 டிகிரி வரை சுகமாக வளரும், 37-இல் சுணங்கிவிடும். அதனால்தான் நுரையீரலுக்குப் போகாமல் உடம்பில் குளிர்ச்சியான இடங்களான விரல், புறங்கை, முழங்கை என்று தங்கிவிடுகிறது. நிணநீர் ஓடும் பாதையில் ஏறுவதால் கட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக வரிசை கட்டுகின்றன.

சரி, இவ்வளவு தெரிகிறதே, மருந்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இதே மாதிரி வரிசைக் கட்டியை ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சையும் உண்டாக்கும். செடி முள்ளோ மரச்சிராயோ குத்தினால் வருவது. விறகு ஒடிக்கும்போது கையில் கிழித்துக்கொண்டதாக ஞாபகம் இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருக்கும், மருந்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பூஞ்சைக்கு இட்ராகொனசோல். மேரினத்துக்குப் பெரும்பாலும் கிளாரித்ரோமைசினோடு எத்தாம்பியூட்டால் அல்லது ரிஃபாம்பிசின் சேர்த்து, மாதக்கணக்கில். கட்டி மறைந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடர வேண்டும். இவ்வளவு நாள் சாப்பிடப்போகிற மருந்தை ஊகத்தில் தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை. டாக்டர் சொல்வது சரி, சதை எடுக்கக் கொடுங்கள்.

கொடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். சதையை இரண்டு டப்பாவில் பிரித்து அனுப்ப வேண்டும், சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒன்றில் ஃபார்மலின், கிருமியை வளர்க்க இன்னொன்றில் வெறும் சலைன் (உப்புநீர்). ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் அதிலிருந்து எதை வளர்ப்பது? முழுத் துண்டும் ஃபார்மலினில் மிதந்து வந்ததைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. நோயாளியைத் திரும்ப வரச் சொல்லி மறுபடியும் வெட்ட வேண்டும், பாவம். அடுத்து, டெஸ்ட் சீட்டில் ‘மீன் வேலை, ஓரா முள் குத்திய காயம்’ என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால்தான் லேபில் 30 டிகிரியிலும் ஒரு கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வைத்து ஆறு வாரம் வரை காத்திருப்பார்கள், பூஞ்சைக்கும் தனியாக வைப்பார்கள். எழுதாவிட்டால் வழக்கம்போல் 37-இல் வைத்து, இரண்டு நாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். டிபிக்கான சிபிநாட் டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் மனதை விட்டுவிடாதீர்கள், அது காசநோய்க் கிருமியைத் தேடுவது, இதைக் காட்டாது. ராமநாதபுரத்தில் இந்தக் கல்ச்சர் நடக்காவிட்டால் மதுரைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ரிப்போர்ட் வரும்வரை மாத்திரை எதையும் நீங்களாக வாங்க வேண்டாம். விரலை மடக்க முடியாமல் விறைத்தால் கிருமி தசைநாருக்கு இறங்கியிருக்கலாம், உடனே சொல்லுங்கள். சர்க்கரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், டிடி (ரணஜன்னித் தடுப்பு) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது மகன் கால். நாய், பூனை வயிற்றில் இருக்கும் கொக்கிப்புழுவின் முட்டை அவற்றின் மலத்தோடு மணலில் விழுகிறது. வள்ளத்தின் நிழல், வாடியின் ஓரம் என்று ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் குஞ்சு பொரித்து, வெறுங்காலோடு வருகிறவர் தோலுக்குள் நுழைகிறது. நாய் என்று நினைத்து மனிதரிடம் வந்துவிட்ட புழு அது. ஆழமாக இறங்க வழியில்லாமல் மேல்தோலுக்கு அடியிலேயே, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை ஊர்ந்து திரிகிறது. கோடு முடிகிற இடத்தில் புழு இருக்காது, அதைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் ஊசியால் நோண்டுவதும் ஐஸ் வைப்பதும் வீண். ஐவர்மெக்டின் ஒரே வேளை, அல்லது அல்பெண்டசோல் சில நாள் தொடர்ந்து, எடைக்கு ஏற்ப டாக்டர் தருவார். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. சொறிந்து சீழ் பிடித்தால் மட்டும்தான் பாக்டீரியா மருந்துக்கு அங்கே வேலை.

அமாக்ஸிசிலினின் வேலை பாக்டீரியாவோடு நின்றுவிடும். கால் விரலிடுக்குச் சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சை, மீன் வேலை செய்பவர்கள் கையில் கிளம்பும் மரு வைரஸ். இரண்டுக்கும் அமாக்ஸிசிலின் வாங்குவது காசைக் கடலில் போடுவது போல.

கைக்குழந்தை விஷயம். நான் சந்தேகப்படும் அந்தக் கிருமி மீனிலிருந்தும் கடல் தண்ணீரிலிருந்தும் கீறல் வழியாக வருவது, ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது. புண்ணைத் துணியால் மூடிக் கட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். மீன் பிரிக்கும் வேலைக்கு மட்டும் புண் ஆறும்வரை அந்தக் கையைக் கொண்டுபோக வேண்டாம்.